ரம்பம் வளைஞ்சா பிளேடு மேல பழியா?

மக்களே, இது அந்த "பிளேடு போடற" பதிவு இல்ல. நிஜ பிளேடு. ஒர்க்‌ஷாப் மூலையில ஸ்க்ரோல் சா ஒண்ணு இருக்கே, அதுல மேலயும் கீழயும் ஓடற ஒல்லிக்குச்சி சமாசாரம்.

அது வளைஞ்சா உடனே நம்மாளுங்க சொல்றது "சைனா மால் மச்சி". அடுத்த பாக்கெட்டைப் பிரிப்பாங்க. அதுவும் வளையும். என் கட்சி என்னன்னா, பெரும்பாலும் குற்றவாளி பிளேடு இல்ல, தள்ளற கை.

5 இஞ்ச் நீளத்துக்கு ஒரு மெல்லிய தகடு. தானா நிமிர்ந்து நிக்கற தெம்பு அதுக்குக் கிடையாது. ரெண்டு கிளாம்பும் வீணைக் கம்பி மாதிரி இழுத்துப் பிடிக்கறதாலதான் நிக்குது. பிளக்கைக் கழட்டிட்டு விரலால சுண்டிப் பாருங்க. "டிங்"னு கேக்கணும். "தொப்"புன்னா இறுக்கம் பத்தல.

இறுக்கியும் பின்பக்கமா வளையுதா? பல்லு மழுங்கியிருக்கும், இல்ல நமக்கு அவசரம். பக்கவாட்டுல வளைஞ்சா வேற கதை. மலிவு பிளேடுல ஒரு பக்கம் மட்டும் பிசிறு இருக்கும், வெட்டு அந்தப் பக்கமா இழுக்கும். கோட்டுக்குக் கொண்டுவர கட்டையைப் பக்கவாட்டுல அமுக்கறோம் பாருங்க, அங்கதான் வளையுது. கட்டையையே லேசா திருப்பிப் பிடிச்சுத் தள்ளினா போதும்.

நம்ம ஊர்ல இது ரொம்ப முக்கியம். பீச் பக்கம் தெருப் பலகையில பிரெஞ்சும் தமிழும் இருக்கும். பிரெஞ்சு எழுத்துல பாதி நேர்க்கோடு. 'ண'வை மரத்துல வெட்டிப் பாருங்க, சுழி சுழியா உயிரை வாங்கும். அதுக்கு நம்பர் குறைஞ்ச, இன்னும் ஒல்லியான பிளேடு வேணும். அது இன்னும் சீக்கிரம் வளையும். தமிழுக்குப் பொறுமை ஜாஸ்தி தேவைங்க :-)

பாரிஸ்ல ஆந்த்ரே ஷார்ல் பூல்னு (1642–1732) ஒரு மரவேலைக்காரர். ஆமை ஓட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒண்ணுமேல ஒண்ணு வச்சு, கைரம்பத்தால சேர்த்து வெட்டுவாங்க அவர் பட்டறையில. இதுல வெட்டின துண்டு அதோட ஓட்டையில கச்சிதமா உட்காரணும். ரம்பம் வளைஞ்சா மேல ஒரு அளவு, கீழ ஒரு அளவு, ரெண்டும் பொருந்தாது. கரண்டே இல்லாத காலம் அது!

அதனால புது பாக்கெட்டைப் பிரிக்கறதுக்கு முன்னாடி வெட்டின ஓரத்துல மூலைமட்டம் வச்சுப் பாருங்க. நடுவுல தொப்பை தெரிஞ்சா இறுக்கம் குறைவு, இல்ல தள்ளறது ஜாஸ்தி. ஓரம் நேரா, ஆனா சாய்வா இருந்தா மேடை 90 டிகிரில இல்ல. அதுக்கு நூறு பிளேடு மாத்தினாலும் ஒண்ணும் ஆகாது.