வட்டியை விலக்கியவனுக்கு வழி எங்கே?

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது ஏழைகளுக்கு அரிசி வழங்கினோம் என்று நம் ஜமாஅத்துகள் இன்றும் பெருமையுடன் கூறிக்கொள்கின்றன. வழங்கியது உண்மை. அந்த அரிசியால் உலை கொதித்த வீடுகள் பல. ஆயினும் அரிசி வரிசையில் வந்து நிற்க நாணிய கூட்டம் ஒன்றும் இருந்தது. கடைத்தெருவில் பத்தடி அகலக் கடை, இரண்டு தையல் இயந்திரங்கள், அல்லது ஒரு தேநீர்க்கடை, அல்லது ஒரு லேத்துப் பட்டறை. இவ்வளவே அக்கூட்டத்தாரின் சொத்து. பிறரிடம் கையேந்திப் பழகாதவர்கள். ரமலானில் தம்மால் இயன்றதைப் பிறருக்குக் கொடுத்து வந்தவர்கள். இவர்களுக்கு நாம் என்ன செய்தோம் என்று கேட்கவே இதனை எழுதுகிறேன். விடை கசப்பானது.

நானிருக்கும் ஆவடியையே எடுத்துக்கொள்வோம். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சமதர்ம பாணிச் சமுதாயம் அமைப்பதே இலட்சியம் என்று தீர்மானித்த ஊர் இது. டாங்கித் தொழிற்சாலை, படைத்துறை உடைத் தொழிற்சாலை ஆகியவற்றின் ஊழியர்களை நம்பிக் கடைத்தெரு வளர்ந்தது. கிழக்கே அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை நம்பிச் சிறு பட்டறைகள் பெருகின. 2020 மார்ச் 24ஆம் நாள் மாலை ஆறு மணிக்குத் தமிழகத்தில் 144 தடையுத்தரவு வந்தது. அன்றிரவு எட்டு மணிக்குப் பிரதமர் நாடு முழுமைக்கும் ஊரடங்கை அறிவித்தார். நள்ளிரவில் அது நடைமுறைக்கு வந்தது. நான்கு மணி நேர அவகாசத்தில் ஒரு சிறுவணிகன் எதனைத்தான் சீர்செய்துகொள்ள இயலும்? 2016 நவம்பர் 8ஆம் நாள் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாவென்ற அறிவிப்பும் இரவு எட்டு மணிக்குத்தான் வந்தது. கல்லாப்பெட்டியை எண்ணி மூடும் வேளை அது!

தொழிற்சாலை ஊழியருக்கு மாதச் சம்பளம் வந்தது. அவரை நம்பிய கடைக்காரனுக்கு ஒன்றும் வரவில்லை. மார்ச்சில் நின்ற புறநகர் ரயிலில் பொதுமக்கள் எல்லாரும் மீண்டும் ஏற அவ்வாண்டின் இறுதியாயிற்று. நிலையத்து வாசலில் தேநீரும் பழமும் விற்றவர்களின் பிழைப்பு அதுவரை என்னவாகியிருக்கும்? சற்றே தளர்த்திய ஊரடங்கு ஜூன் 19 முதல் ஜூலை 5 வரை சென்னையிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் மறுபடி இறுகியது. நம்மவர்க்கு இன்னொரு அடியும் விழுந்தது. 2020இன் ரமலான் ஏப்ரல் 25இல் தொடங்கி, பெருநாள் மே 25இல் வந்தது. முழு மாதமும் ஊரடங்கிலேயே கழிந்தது. அடுத்த ஆண்டில் மே 10இல் முழு ஊரடங்கு. மே 14இல் பெருநாள். தையற்காரருக்கும் ஜவுளிக்கடைக்காரருக்கும் தொப்பி, அத்தர் விற்பவருக்கும் அந்த ஒரு மாதமே ஆண்டின் வருவாயில் பெரும்பகுதி. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அது பறிபோயிற்று.

நானறிந்த தையற்காரர் ஒருவர் முதலில் கையிருப்பைத் தின்றார். பிறகு துணி மொத்த வியாபாரியிடம் தவணை கேட்டார். பின்னர் மனைவியின் வளையல் அடகுக்குப் போயிற்று. அடகுக்காக எல்லாரும் முந்தியதைக் கண்டோ என்னவோ, நகை மதிப்பில் 75 விழுக்காடுவரை வங்கிகள் கடன் தரலாம் என்றிருந்த வரம்பை 2020 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி 90 ஆக உயர்த்தியது. சலுகை என்று பெயர். அதிகக் கடன் தலைமேல் ஏறியதே பலன். நகையும் தீர்ந்தபின் அவர் தண்டல்காரரிடம் சென்றார். பத்தாயிரம் என்று கையெழுத்து. கையில் வந்தது எட்டாயிரத்து ஐந்நூறு. நாளொன்றுக்கு நூறு வீதம் நூறு நாள் அடைக்க வேண்டும். தினந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி நூறு விழுக்காட்டைத் தாண்டும். கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு இந்தத் தண்டலையும் பெயர் சொல்லித் தடைசெய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. சட்டம் ஏட்டில் இருந்தது. தண்டல்காரர் மாலைதோறும் கடை வாசலில் இருந்தார்.

இம்மனிதர் ஏன் வங்கிக்குப் போகவில்லை? ஈண்டுதான் என் வழக்கு தொடங்குகிறது.

அரசு இரண்டு உதவிகளை அறிவித்தது. ஒன்று, தவணை ஒத்திவைப்பு. 2020 மார்ச் முதல் ஆகஸ்டு முடிய ஆறு மாதத் தவணைகளைத் தள்ளிப்போடலாம் என்றனர். ஆனால் அந்த மாதங்களுக்கும் வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. வட்டியின்மேல் வட்டி போடலாகாது என்று தெளிவுபடுத்த உச்சநீதிமன்றத்துக்கு 2021 மார்ச் 23 வரை பிடித்தது. அப்போதும் வட்டி நின்றது, குட்டி மட்டுமே நீங்கிற்று. திருமறையின் இரண்டாம் அத்தியாயத்து 280ஆம் வசனம் நெருக்கடியில் உள்ள கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் அளிக்கப் பணிக்கிறது. விட்டுக்கொடுத்துவிடுதல் இன்னும் மேலானது என்கிறது. ‘நழிரா’ என்ற அரபுச் சொல்லுக்குக் காத்திருத்தல் என்று பொருள். காத்திருப்பதற்குக் கூலி கேட்பவன் காத்திருப்பவனாக மாட்டான்.

இரண்டாவது உதவி, மூன்று இலட்சம் கோடி ரூபாய்க்கான அவசரக் கடன் உத்தரவாதம். 2020 மே 13இல் அறிவித்தனர். பிணையின்றிக் கடன், முதல் ஓராண்டு அசல் கட்ட வேண்டியதில்லை என்றனர். பல பட்டறைகள் அதனால் மூச்சுவிட்டன, மறுப்பதற்கில்லை. ஆனால் முதலில் வகுத்த விதி யாது? 2020 பிப்ரவரி 29ஆம் நாளன்று வங்கிக்கு எவ்வளவு கடன் பாக்கியோ, அதில் இருபது விழுக்காடு கிடைக்கும். ஐந்து இலட்சம் பாக்கி உள்ளவனுக்கு ஒரு இலட்சம். பாக்கியே இல்லாதவனுக்கு? பூஜ்யத்தில் இருபது விழுக்காடு பூஜ்யந்தான். கடன் வாங்கியவனுக்கு மேலும் கடன், வாங்காதவனுக்குக் கதவடைப்பு. மார்க்கத்துக்கு அஞ்சி முப்பது ஆண்டுகள் வங்கி வட்டியைத் தீண்டாத ஒரு கடைக்காரன், அந்தப் பேணுதலின் காரணமாகவே அரசின் கணக்கேட்டில் இல்லாதவனாகிவிட்டான். நடைபாதை வியாபாரிகளுக்கென 2020 ஜூனில் வந்த பத்தாயிரம் ரூபாய்த் திட்டமும் வட்டிக் கடனே. வட்டியில் ஒரு பகுதியைத் தள்ளித் தந்தனர், அவ்வளவே.

அரசைக் குறைகூறுவது எளிது. அரசு வட்டியை ஹராம் என்று சொல்லவில்லை. சொன்னவர்கள் நாம். வெள்ளிதோறும் மிம்பரில் ஏறி, வட்டி நெருப்பு, அதை உண்பவன் நாசமாவான் என்று முழங்கினோம். முழங்கியது சரியே. கேட்டவன் நம்பி ஒதுங்கினான். ஒதுங்கியவனுக்கு வேறொரு வாசலைத் திறந்து வைத்தோமா? ஆவடியிலோ அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ, பூட்டிய கடைக்காரன் தலைகுனியாமல் நுழைந்து, பத்தாயிரம் கடன் வாங்கி, பத்தாயிரமாகவே திருப்பித்தரக்கூடிய பைத்துல்மால் எத்தனை மஹல்லாக்களில் இருந்தது? ஒரு வாசலை அடைத்து மறுவாசலைத் திறவாதவர்கள், அவன் தண்டல்காரனிடம் போனான் என்று கண்டிக்க வாயற்றவர்கள்.

நம் மொழியில் ‘கடன்’ என்ற சொல் திருப்பித்தர வேண்டிய பொருளையும் குறிக்கும், ஆற்ற வேண்டிய கடமையையும் குறிக்கும். அரபியில் ‘கர்ழ்’ என்றால் வெட்டுதல். கொடுப்பவன் தன் செல்வத்தில் ஒரு துண்டை வெட்டித் தருகிறான். கத்தரிக்கோலுக்கு ‘மிக்ராழ்’ என்ற பெயரும் இவ்வேரிலிருந்தே வந்தது. (மேற்சொன்ன தையற்காரரிடம் இதைக் கூறினேன். “ஹஸரத், நான் வெட்டுற துணிக்கே வழியைக் காணோம்” என்றார்.)

ஜகாத் பெறத்தக்க எட்டுக் கூட்டத்தாரைத் திருமறையின் ஒன்பதாம் அத்தியாயம் அறுபதாம் வசனம் எண்ணிச் சொல்கிறது. அவருள் ‘காரிமீன்’ எனப்படும் கடனாளிகள் தனி வகுப்பார். ஃபகீர், மிஸ்கீன் என்ற இரு வகுப்பாரையும் முதலிலேயே கூறியபின் கடனாளியைத் தனியே எண்ணுவானேன்? வறியவன் போலத் தோன்றாதவனும் கடனில் மூழ்குவான் என்பதை வகுத்தவன் அறிவான். நம் ஊர் ரமலான் பட்டியல்களில் புடைவை உண்டு, கைலி உண்டு, ஐம்பது நூறு ரூபாய் நோட்டுகள் உண்டு. காரிமீன் என்றொரு தலைப்பை நான் எந்தப் பட்டியலிலும் கண்டதில்லை.

ஏந்தல் நபி (ஸல்) அவர்கள் முன் ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, இறந்தவர் கடன் வைத்திருக்கிறாரா என்று வினவினார்கள். ஆம், அடைக்கப் பொருளும் விடவில்லை என்றறிந்து, நீங்களே தொழுவியுங்கள் என்று விலகி நின்றார்கள். அபூ கதாதா (ரலி) அக்கடனைத் தாம் ஏற்ற பின்னரே தொழுவித்தார்கள். இதைக் கடனாளிக்கு எச்சரிக்கையாக நாம் பயான்களில் கூறுகிறோம். பொதுநிதி பெருகியபோது, கடனோடு இறப்பவரின் கடன் தம்முடைய பொறுப்பு என்று அவர்களே அறிவித்த பிற்பகுதியை ஏனோ விரைந்து கடந்துவிடுகிறோம். ஹிஜ்ரி 18இல், ‘ரமாதா’ என்னும் பஞ்ச ஆண்டில், ஹஸரத் உமர் (ரலி) ஜகாத் வசூலையே அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தார்கள். உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) காலத்தில் நிதி மிஞ்சியபோது கடனாளிகளின் கடனை அடைக்குமாறு ஆளுநருக்கு எழுதியதை அபூ உபைதின் ‘கிதாபுல் அம்வால்’ பதிவுசெய்கிறது. இவையெல்லாம் நம் மதரஸாக்களின் அலமாரியிலேயே உள்ளன.

“கடை வைத்திருப்பவனுக்கு ஜகாத் எப்படித் தகும்?” என்று முத்தவல்லிகள் சிலர் கேட்கின்றனர். கடனைக் கழித்தபின் நிஸாபு எஞ்சாதவன் தகுதியுடையவன் என்பது ஹனஃபி நூல்களின் தீர்ப்பு. ஆகுமான வழியில் கடன்பட்டு அடைக்க வழியற்றவனை ஷாஃபியீ நூல்களும் சேர்த்துக்கொள்கின்றன. பெயர்ப்பலகையைப் பார்த்து மனிதனை அளக்கும்படி எந்த மத்ஹபும் சொல்லவில்லை. ஜகாத்தைக் கடனாகக் கொடுத்துத் திரும்பப் பெறலாகாது, உரிமையாக்கிவிட வேண்டும் என்ற மறுப்பு நியாயமானது. அதனால்தான் ஸதகாவிலிருந்து கர்ழ் ஹஸனுக்குத் தனிநிதி வேண்டும் என்கிறேன்.

பள்ளிவாசலுக்குச் சொந்தமான வாடகைக் கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூட்டிக்கிடந்த மாதங்களுக்கு வாடகை வேண்டாமென்று விட்ட நிர்வாகிகளை வாழ்த்துகிறேன். கேட்டு வாங்கியவர்களிடம் ஒன்று வினவுவேன்: வாடகை என்பது பயனுக்கு ஈடு, பயனே தடைப்பட்ட மாதத்துக்கு எதற்கு ஈடு? இஜாரா பாடம் ஓதிய மாணவனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பானே!

இது நடவாத காரியமும் அன்று. தேவ்பந்தில் 1961 முதல் முஸ்லிம் ஃபண்டு வட்டியின்றி நகைக்கடன் வழங்கி வந்தது. பாகிஸ்தானில் அம்ஜத் சாகிப் 2001இல் பத்தாயிரம் ரூபாய்க் கடன் ஒன்றில் தொடங்கிய ‘அகுவத்’, பள்ளிவாசல்களிலேயே அமர்ந்து வட்டியில்லாக் கடன் வழங்கி இலட்சக்கணக்கான குடும்பங்களை எட்டிற்று, முஸ்லிமல்லாதாருக்கும் கொடுத்தது. ஆவடியிலும் அப்படித்தான் வேண்டும். மளிகைக்கடை நாடாருக்கும் தேநீர்க்கடை நாயருக்கும் விழுந்த பூட்டு ஒரே பூட்டு.

ஒரு மஹல்லாவில் இருநூறு வீடுகள். வீட்டுக்கு மாதம் நூறு ரூபாய். ஆண்டில் இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம். பத்தாயிரம் வீதம் இருபத்து நான்கு கடைக்காரர்கள். திரும்பி வருவது மறுபடி கடனாகும். “திருப்பித் தராவிட்டால்?” என்று உடனே ஒரு குரல் எழும். அந்தத் தையற்காரர் எட்டாயிரத்து ஐந்நூறு வாங்கிய தண்டல்காரருக்கு நாள் தவறாமல் நூறு நாள் கட்டி முடித்தார். கடைசி இருபது நாள் கட்டியது ஓவர்லாக் இயந்திரத்தை விற்ற பணத்தில்.