சென்ட்ரல் லாக்: மோட்டாரை மாற்றும் முன்

பழைய கார் வாங்கிய வாசகர் ஒருவர், “ரிமோட்டை அழுத்தினால் மூன்று கதவுகள் ஒழுங்காகப் பூட்டுகின்றன. டிரைவர் கதவு மட்டும் ஒருநாள் பூட்டுகிறது, மறுநாள் பூட்டுவதில்லை. மெக்கானிக் மோட்டாரை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?” என்று கேட்டிருக்கிறார்.

அவசரப்பட வேண்டாம். எந்தக் கதவுமே அசையாவிட்டால் முதலில் ஃப்யூஸைப் பார்க்கலாம். கிட்டே போனால்தான் பூட்டுகிறது என்றால் ரிமோட் பேட்டரி. ஒரே கதவு, அதுவும் விட்டுவிட்டு மக்கர் செய்தால் ஒயரைத்தான் சந்தேகப்பட வேண்டும். கதவுக்கும் பாடிக்கும் நடுவே ரப்பர் உறைக்குள் ஓடும் ஒயர், கதவைத் திறக்கும்போதெல்லாம் மடங்கி நிமிர்கிறது. அதிகம் திறப்பது டிரைவர் கதவு. அதனால் பெரும்பாலும் அங்கேதான் முதலில் அறும். மேல்தோல் நன்றாக இருக்கும். உள்ளே செம்பு அறுந்திருக்கும். ஒருவர் அந்த ரப்பரை மெல்ல அசைக்க, இன்னொருவர் ரிமோட்டை அழுத்திப் பாருங்கள். பூட்டு விழுந்தால் மோட்டார்மேல் குற்றமில்லை. ஒட்டுப்போடும் இடம் ரப்பருக்குள் வராதபடி, நீளமாகப் புது ஒயர் கொடுக்கச் சொல்லுங்கள். மடங்கும் இடத்தில் போட்ட ஒட்டு நிற்காது. தீவன மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தும் கார் என்றால் எலி கடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வெளியில் வாங்கிப் பொருத்திய பூட்டு என்றால், வழக்கமாக டிரைவர் கதவு மோட்டாருக்கு 5 ஒயர், மற்றவற்றுக்கு 2. மோட்டாரே போயிருந்தால், எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

சரியாகும்வரை ரிமோட்டை நம்பாமல் சாவி போட்டே பூட்டுங்கள். சாவியை உள்ளே வைத்துவிட்டு இறங்க வேண்டாம். வெயிலில் நிற்கும் காருக்குள் சில நிமிடங்களிலேயே சூடு ஏறிவிடும். குழந்தை உள்ளே மாட்டி, கதவும் திறக்காவிட்டால், மெக்கானிக் வரும்வரை காத்திராமல் குழந்தைக்குத் தள்ளியிருக்கும் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிடுங்கள்.