"ஆர் வெண்டது?"

2024 செப்டெம்பர் 11 ஆம் திகதி காலை. ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் டொனால்ட் ட்ரம்புக்கும் கமலா ஹாரிசுக்கும் இடையில் நடைபெற்ற தொலைக்காட்சி விவாதம் முடிந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. கொழும்பில் தேநீரும் கையுமாக இருந்த எனக்கு ரொறன்ரோவில் இருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. ஒரு காலத்தில் என்னோடு ஆசிரியபீடத்தில் அருகருகே இருந்து பணியாற்றிய நண்பர். நலம் விசாரிக்கக்கூட அவருக்குப் பொறுமை இல்லை.

"அண்ணை, ஆர் வெண்டது?"

"நீர் முழுக்கப் பார்த்தனீர்தானே?" என்று கேட்டேன்.

"பார்த்தனான். ஆனால் சி.என்.என். இன்னும் சொல்லேல்லை" என்றார்.

சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். பின்னர் யோசித்துப் பார்க்கையில் சிரிப்பதற்கான விடயமாக அது தோன்றவில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகத் தமது கண்ணால் பார்த்து, தமது காதால் கேட்ட ஒருவர், அதுவும் முப்பது வருடங்கள் செய்தியோடு வாழ்ந்த ஒருவர், தாம் பார்த்தது என்னவென்று இன்னொருவர் சொல்லும் வரையில் காத்திருக்கிறார். இந்தப் பழக்கத்தை அவருக்கு ஏற்படுத்தியவர்கள் யார்? பத்திரிகையாளர்களாகிய நாங்கள்தான்.

அவர் காத்திருந்த தீர்ப்பு சற்று நேரத்தில் வந்தது. விவாதத்தைப் பார்த்தவர்களில் 63 சதவீதமானோர் ஹாரிஸ் வென்றதாகவும் 37 சதவீதமானோர் ட்ரம்ப் வென்றதாகவும் கூறினர் என்றது சி.என்.என். தாய் வழியில் தமிழ்நாட்டோடு உறவுடைய ஒருவர் வென்றுவிட்டார் என்ற பூரிப்பில் நம்மவர்கள் பலர் அதனை உலகெங்கும் பகிர்ந்துகொண்டனர். நவம்பர் 5 ஆம் திகதி நடந்த தேர்தலில் வென்றவர் ட்ரம்ப்.

இது புதுமையும் அல்ல. 2004 இல் மூன்று விவாதங்களுக்குப் பின்னரும் நடத்தப்பட்ட காலப் கருத்துக்கணிப்புகளில் முன்னணியில் நின்றவர் ஜோன் கெரி. ஜனாதிபதியானவர் ஜோர்ஜ் புஷ். 2012 ஒக்டோபரில் டென்வரில் மிட் ரொம்னி பராக் ஒபாமாவைத் தோற்கடித்துவிட்டார் என்று ஏறத்தாழ எல்லோரும் ஒரே குரலில் கூறினர். தேர்தலில் தோற்றவர் ரொம்னி. 2016 இல் மூன்று விவாதங்களிலும் ஹிலாரி கிளின்டனே வென்றதாக சி.என்.என். கணிப்புகள் கூறின. அவருக்கு நேர்ந்தது யாவரும் அறிந்ததே.

தேர்தல் முடிவை முன்கூட்டிச் சொல்ல முடியாத இந்தத் தீர்ப்பு, விவாதத்தில் கூறப்பட்டவை உண்மையா பொய்யா என்பதையும் சொல்வதில்லை. அப்படியானால் இது எதற்காக வழங்கப்படுகிறது? நிகழ்ச்சி முடிந்த பின்னரும் பார்வையாளர்களைத் தொலைக்காட்சியின் முன்னால் இருத்தி வைப்பதற்காக. 1980 இல் கார்ட்டரும் றேகனும் விவாதித்த இரவில், வென்றவர் யார் என்று தொலைபேசியில் கூறுமாறு ஏ.பி.சி. நிறுவனம் மக்களை அழைத்தது. ஓர் அழைப்புக்கு 50 சதம் கட்டணம். ஏறத்தாழ ஏழு இலட்சம் அழைப்புகள் வந்தன. பணம் கொடுத்துத் தீர்ப்பு வழங்க மக்கள் தயாராக இருந்தனர் என்பதே அன்று நிரூபணமானது.

இந்தக் கதையின் தொடக்கமாக எல்லோரும் எடுத்துக்காட்டுவது 1960 செப்டெம்பர் 26 ஆம் திகதி சிக்காகோவில் நடந்த கெனடி - நிக்சன் விவாதம். தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கெனடி வென்றதாகவும் வானொலியில் கேட்டவர்கள் நிக்சன் வென்றதாகவும் கருதினர் என்று பத்திரிகையியல் வகுப்புகளில் இன்றும் போதிக்கிறார்கள். நானும் போதித்திருக்கிறேன். இந்தக் கூற்றுக்கு முக்கிய ஆதாரம் ஒரு சந்தை ஆய்வு நிறுவனத்தின் கணிப்பு. அதில் விவாதத்தை வானொலியில் கேட்டவர்கள் முந்நூறு பேர்கூட இல்லை. அன்று வானொலியை நம்பியிருந்தவர்களில் பலர் கிராமப்புறத்தவர்கள், புரட்டஸ்தாந்து சமயத்தவர்கள். கத்தோலிக்கரான கெனடியை விவாதத்துக்கு முன்னரே விரும்பாதவர்கள் அவர்களிடையே அதிகமாக இருந்திருக்க இடமுண்டு. 1980 களிலேயே ஆய்வாளர்கள் இதனைச் சுட்டிக்காட்டிவிட்டனர். ஆயினும் கதை சாகவில்லை. முகப்பூச்சும் வியர்வையும் வரலாற்றை மாற்றின என்று சொல்வது சுவையாக இருக்கிறது அல்லவா?

தீர்ப்பு எவ்வாறு உருவாக்கப்படுகிறது என்பதைக் காட்டும் இரு சம்பவங்களை அருகருகே வைத்துப் பார்க்குமாறு வாசகர்களை வேண்டுகிறேன்.

முதலாவது, 1976 ஒக்டோபர் 6, சன் பிரான்சிஸ்கோ. கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று ஜனாதிபதி ஜெரால்ட் போர்ட் கூறினார். கேள்வி கேட்ட நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையாளர் மக்ஸ் பிராங்கல், திருத்திக்கொள்ள வாய்ப்பளிப்பதுபோல் மீண்டும் வினவினார். போர்ட் தமது கூற்றையே வலியுறுத்தினார். அன்றிரவு உடனடியாகக் கேட்கப்பட்டவர்களில் அதிகமானோர் போர்ட் வென்றதாகவே கூறினர். கிழக்கு ஜேர்மனியிலும் போலந்திலும் சோவியத் படைகள் நிலைகொண்டிருக்கும் உண்மையைப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் எடுத்துக்கூறிய பின்னர், மறுநாள் கணிப்பு தலைகீழாக மாறியது.

இரண்டாவது, 2000 ஒக்டோபர் 3, பொஸ்ரன். செல்வந்தர்களான ஒரு சதவீதத்தினருக்கு புஷ்ஷின் வரிக்குறைப்பால் எவ்வளவு போய்ச்சேரும் என்று அல் கோர் கணக்குக் காட்டினார். அது தெளிவில்லாத கணிதம் என்று புஷ் தள்ளிவிட்டார். அன்றிரவு எடுக்கப்பட்ட கணிப்புகளில் கோர் சற்று முன்னணியில் இருந்தார். அடுத்த நாட்களில் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டியது எதை? புஷ் பேசும்போது கோர் விட்ட பெருமூச்சுகளை. சில நாட்களில் கோர் தோற்றவர் ஆனார். இருவரில் யாருடைய கணக்குச் சரி என்று ஆராய்ந்தவர்களைவிடப் பெருமூச்சை ஆராய்ந்தவர்களே அதிகம். 2001 இல் அந்த வரிக்குறைப்பு சட்டமாகியது.

இரண்டிலும் மக்களின் முதல் எண்ணத்தை ஊடகங்கள் மாற்றின. முதலாவதில் ஓர் உண்மையை எடுத்துக்காட்டி மாற்றின. அது எமது கடமை. இரண்டாவதில் ஒரு மூச்சை எடுத்துக்காட்டி மாற்றின. அதற்குப் பெயர் பத்திரிகைத் தொழில் அல்ல.

ஊரைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. 1984 ஒக்டோபரில் நான் கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பகுதியில் உதவி ஆசிரியராக இருந்தேன். கன்சாஸ் சிற்றியில் றேகனும் மொண்டேலும் விவாதித்த செய்தி டெலிபிரின்டரில் முழம் முழமாக வந்து விழுந்தது. றேகனுக்கு அப்போது 73 வயது. வயது பற்றிக் கேட்டபோது, எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் அரசியல் இலாபத்துக்காகப் பயன்படுத்த மாட்டேன் என்று பதிலளித்தார். அரங்கு அதிரச் சிரித்தது. 56 வயது மொண்டேலும் சிரித்தார். 'ஒரே நகைச்சுவையில் வென்றார் றேகன்' என்று தலைப்பிட்டேன். ஆசிரியர் தோளில் தட்டிப் பாராட்டினார். அதே விவாதத்தில் நிக்கரகுவா கிளர்ச்சியாளர்களுக்காக சி.ஐ.ஏ. தயாரித்த கைந்நூல் பற்றியும் கேட்கப்பட்டது. ஆட்களை ஒழித்துக்கட்டுவது பற்றிய போதனை அடங்கிய நூல் அது. அந்தப் பந்தி செய்தியின் கடைசியில் இருந்தது. இடம் போதவில்லை என்று வெட்டியவன் நான்தான். வயது பற்றிய கேள்விக்கும் அந்த நகைச்சுவை பதில் அல்ல என்பது அன்று எனக்கு உறைக்கவேயில்லை.

அமெரிக்க விவாத அரங்குகளின் பக்கத்தில் 'ஸ்பின் ரூம்' என்று ஓர் இடம் உண்டு. விவாதம் முடிந்ததும் இரு தரப்பு உதவியாளர்களும் அங்கே வந்து, தமது ஆளே வென்றார் என்று செய்தியாளர்களிடம் ஓதுவார்கள். சுழல்பந்தின் தந்திரம் இலங்கையருக்குப் புதிதல்ல. ஆனால் முரளிதரன் பந்து வீசியது துடுப்பாட்டக்காரருக்கு. இவர்கள் வீசுவது நடுவருக்கு. அதனை ஒலிவாங்கியோடு ஓடிச்சென்று பிடிப்பவர்கள் எமது தொழில் செய்பவர்கள்.

தமிழிலே பட்டிமன்றம் உண்டு. முடிவில் நடுவர் தீர்ப்பளிப்பார், சபை கைதட்டிக் கலையும். கற்பில் சிறந்தவள் கண்ணகியா மாதவியா என்ற தீர்ப்பினால் எவருடைய வீட்டுக்கும் ஆபத்து வருவதில்லை. ஜனாதிபதி வேட்பாளர்களின் சொல் அப்படிப்பட்டதல்ல. பிலடெல்பியா விவாதத்திலேயே அதற்குச் சான்று இருக்கிறது. ஒஹையோ மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் குடியேறியவர்கள் அயலவர்களின் நாய்களையும் பூனைகளையும் தின்கிறார்கள் என்று ட்ரம்ப் கூறினார். நம்பத்தக்க முறைப்பாடு எதுவும் இல்லை என்று நகர நிருவாகம் தெரிவித்திருப்பதை விவாதத்தை நடத்திய டேவிட் மியூர் அவ்விடத்திலேயே எடுத்துக்கூறினார். அவர் தமது கடமையைச் செய்தார். ஏனையோர் அந்தக் கூற்று ட்ரம்புக்கு எத்தனை புள்ளியைக் குறைத்தது என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தனர். அடுத்த நாட்களில் ஸ்பிரிங்பீல்டில் குண்டு மிரட்டல்கள் வந்தன. பாடசாலைகளில் இருந்து பிள்ளைகள் வெளியேற்றப்பட்டனர். அங்கு வாழ்ந்த ஹெயிட்டி மக்கள் அச்சத்தில் உறைந்தனர். அவர்களிடம் போய் விவாதத்தில் வென்றவர் யார் என்று கேட்டிருக்க வேண்டும்.

வதந்தி ஒரு சிறுபான்மை மக்களுக்கு என்ன செய்யும் என்று எமக்கு எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1983 ஜூலை 29 ஆம் திகதி, புலிகள் கொழும்புக்குள் வந்துவிட்டார்கள் என்றொரு வதந்தி பரவியது. தணிந்து வந்த வன்முறை மீண்டும் மூண்டது. தமிழர்கள் வீதிகளில் கொல்லப்பட்டனர். அந்த வெள்ளிக்கிழமையைக் கண்ட ஒருவன், பொய்யைப் புள்ளியாக மாற்றிக் கணக்கிடும் வேலையைச் சகித்துக்கொள்ள முடியாது.

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்பதை அறிவேன். 2024 ஜூன் 27 ஆம் திகதி அட்லாண்டாவில் ஜோ பைடன் தடுமாறியதை உலகமே பார்த்தது. ஜூலை 21 ஆம் திகதி அவர் போட்டியில் இருந்து விலகினார். எனவே தோற்றத்துக்கும் பெறுமதி உண்டே என்பார்கள். உண்டு, மறுக்கவில்லை. நான்கு ஆண்டுகள் அணு ஆயுதப் பொறுப்பைச் சுமக்கப்போகும் ஒருவர் வாக்கியத்தை முடிக்கத் திணறினால் மக்கள் அதனை அறிய வேண்டும். ஆனால், 'இவரால் இந்தப் பதவியை வகிக்க இயலுமா' என்பது ஒரு கேள்வி. 'இன்றிரவு வென்றவர் யார்' என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பியதன் விளைவு என்ன? விவாதத்தை நடத்திய இருவரும் உண்மை சரிபார்க்கும் பொறுப்பை ஏற்காததால், அன்றிரவு ட்ரம்ப் கூறிய பொய்கள் அந்த மேடையில் திருத்தப்படாமலே போயின. பைடனின் தடுமாற்றம் பற்றிய இரைச்சலில் அவை மறுநாளும் பெரிதாகப் பேசப்படவில்லை. திக்கித் திக்கிப் பேசியவர் தோற்றார். தங்குதடையின்றிப் பொய் பேசியவர் 67 சதவீதத்தால் வென்றார் என்றது கணிப்பு.

வள்ளுவர் சொல்வன்மையைப் பொருட்பாலில் வைத்தார், 65 ஆவது அதிகாரமாக. வாய்மையை அறத்துப்பாலில் வைத்தார், 30 ஆவது அதிகாரமாக. இரண்டும் வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தொலைக்காட்சித் தீர்ப்பாளர்கள் சொல்வன்மைக்கு மட்டுமே மதிப்பெண் போடுகிறார்கள்.

தொழிலில் இன்று இருக்கும் இளையவர்களுக்கு நான் கூறுவது இதுதான். விவாதம் எந்த நாட்டில் நடந்தாலும், வென்றவர் யார் என்ற தலைப்பைப் போடாதீர்கள். கேட்கப்பட்ட கேள்வி என்ன, அதற்குப் பதில் வந்ததா என்று எழுதுங்கள். சொன்ன கணக்கைச் சரிபார்த்து எழுதுங்கள். அதே ஆள் சென்ற வருடம் என்ன சொன்னார் என்று எடுத்துப் போடுங்கள். சொல்லப்பட்டதால் யாருக்கு என்ன நேரும் என்று எழுதுங்கள். இதற்கு ஒரு நாள் பிந்தினாலும் குற்றமில்லை.

ரொறன்ரோ நண்பரிடம் சில நாட்களின் பின்னர் பேசினேன். "ஸ்பிரிங்பீல்டில பள்ளிக்கூடத்தை மூடிப்போட்டாங்களாம், கேள்விப்பட்டனீரோ?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"அதை நான் கவனிக்கேல்லை அண்ணை" என்றார்.