ஏமாந்தவன் குற்றவாளியா?

ஆம், நான் ஏமாந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், நான் கேட்கப்போகும் நியாயத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டு, "ஐயா, நீர் ஏமாந்தீரா இல்லையா?" என்று என்னைக் கூண்டில் நிறுத்துவதற்குப் பலர் காத்திருக்கிறார்கள். அவர்களில் பாதிப்பேர் என் நண்பர்கள். "கதையில் எத்தனை எத்தர்களைப் படைத்திருக்கிறீர்! நீரே இப்படி விழலாமா?" என்று ஒருவர் கேட்டார். எத்தனைப் படைத்தவனுக்கு எத்தனைக் கண்டதும் தெரிந்துவிடும் என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறதோ, நான் அறியேன்.

நடந்தது இதுதான். 2023-ஆம் ஆண்டில் ஒரு இரண்டாம் சனிக்கிழமை, பாங்குக்கு விடுமுறை. காலை பதினொரு மணிக்கு ஒருவன் டெலிபோனில் கூப்பிட்டான். என் பெயரைச் சொன்னான். என் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறது என்பதைச் சொன்னான். என் டெபிட் கார்டின் கடைசி நான்கு எண்களையும் சொன்னான். என் அடையாளச் சான்றுகள் புதுப்பிக்கப்படவில்லை என்றும், பகல் பன்னிரண்டு மணிக்குமேல் கார்டு செல்லாது என்றும் மிகவும் மரியாதையாகத் தெரிவித்தான். மீதி எண்களையும், செல்போனில் வந்த ஆறு இலக்க ஓ.டி.பி.யையும் நானே அவனுக்குப் படித்துக் காட்டினேன். அடுத்த நிமிஷம் ரூ.24,500 போய்விட்டது.

இது வரைக்கும் கதை என்னுடையது. இனிமேல் பாங்கினுடையது.

செய்தியைப் பார்த்ததும் கை நடுங்க, கார்டின் பின்பக்கத்திலிருந்த எண்ணைக் கூப்பிட்டேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னார்கள். கடனுக்கு இரண்டை அழுத்தச் சொன்னார்கள். நடுவில் ஒரு சங்கீதம் வேறு! கடைசியில் ஒரு பெண்மணி புகாரைப் பதிந்துகொண்டு, எண் ஒன்றைச் செய்தியாக அனுப்பினாள். அந்தச் செய்தி வந்த நேரம் 11.32. "கார்டை நிறுத்திவிட்டோம், கவலைப்படாதீர்கள்" என்றாள். 11.47-க்கு ரூ.19,800 போயிற்று. 11.52-க்கு இன்னொரு ரூ.19,800 போயிற்று. இந்த இரண்டுக்கும் நான் யாருக்கும் எந்த எண்ணும் சொல்லவில்லை. ஓ.டி.பி. கேட்காத ஏதோ ஒரு வெளிநாட்டு வியாபாரத் தளம். முந்தைய வருஷம் மகளைப் பார்க்க வெளிநாடு போனபோது கார்டை அங்கே செல்லுபடியாகும்படி செய்துகொண்டவன், திரும்பி வந்து அதை மூட மறந்திருந்தேன். சரி, அதுவும் என் மறதியே. ஆனால் நிறுத்தப்பட்ட கார்டு எப்படி நடந்தது?

திங்கட்கிழமை மானேஜரிடம் போனேன். நல்ல மனிதர், காப்பிகூட வரவழைத்தார். "நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டு எங்களைக் கேட்டால் எப்படி சார்?" என்றார். மூன்று வாரம் கழித்து வந்த கடிதத்திலும் அதே பல்லவிதான். மூன்று தொகையையும் ஒன்றாகக் கூட்டி, ரூ.64,100-உம் வாடிக்கையாளரின் அஜாக்கிரதையால் நேர்ந்த நஷ்டம் என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள்.

அஜாக்கிரதை! இந்த ஒரு வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை.

நான் அஜாக்கிரதைக்காரன்தான். ஆனால் என் பெயரும் கிளையும் கார்டின் நான்கு எண்களும் அந்தத் திருடனுக்கு எப்படிக் கிடைத்தன? நான் கொடுக்கவில்லை. எங்கோ யாரோ கொடுத்திருக்கிறார்கள். அல்லது காக்கத் தவறியிருக்கிறார்கள். அந்த அஜாக்கிரதையை எந்தக் கடிதத்திலும் காணோம். இணையத்தில் கார்டைப் பயன்படுத்த இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்று 2009 ஆகஸ்டில் நம் நாட்டில் கட்டாயமாக்கினார்கள். வாடிக்கையாளனைக் காக்க வைத்த பூட்டு அது. இன்று அந்தப் பூட்டே அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. "ஓ.டி.பி. சரியாக இருந்தது, ஆகவே குற்றம் உம்முடையது" என்கிறார்கள். கள்ளச் சாவி போட்டுத் திறந்தால் திருட்டு. மிரட்டியோ மயக்கியோ சாவியை வாங்கித் திறந்தால் மட்டும் தானமா?

சட்டம் இவர்களைப்போலப் பேசவில்லை. 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் பாங்கு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. ரகசிய எண்ணைத் தானே சொன்னவன், புகார் செய்யும் வரையிலான நஷ்டத்தைத் தானே தாங்க வேண்டும் என்றது அது. என் விஷயத்தில் அது ரூ.24,500. மனம் கசந்தாலும் தலை வணங்குகிறேன். ஆனால் புகார் செய்த பிறகு நேரும் நஷ்டம் முழுவதும் பாங்கைச் சேர்ந்தது என்று அடுத்த மூச்சிலேயே சொல்லியிருந்தது. புகார் வந்ததும் மேற்கொண்டு பணம் போகாமல் தடுக்க வேண்டும். அது வந்த நேரத்தைப் பதிவு செய்ய வேண்டும். பத்து வேலை நாட்களுக்குள் தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். தொண்ணூறு நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வாடிக்கையாளன்மேல்தான் பொறுப்பு என்றால் அதை நிரூபிக்க வேண்டியது பாங்கே. இத்தனையும் அதில் உண்டு. கிளையின் சுவரில் கடன் விளம்பரம் நான்கு தொங்கின, இது தொங்கவில்லை.

அந்த நாற்காலியில் காத்திருந்தபோதுதான் அந்த அம்மாளைப் பார்த்தேன். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. ஏதோ வட மாநிலத்து ஏ.டி.எம்.மில் அவர் கணக்கிலிருந்து பத்தாயிரம் பத்தாயிரமாக இரண்டு தடவை எடுத்திருக்கிறார்கள். கார்டு அவருடைய கைப்பையிலேயே இருக்கிறது! "ரகசிய எண்ணை யாரிடம் சொன்னீர்கள், யோசித்துப் பாருங்கள் அம்மா" என்றான் கவுண்டரிலிருந்த பையன். "யாரிடமும் சொல்லவில்லையே, தம்பி" என்றார். "பேரன் கீரன் யாராவது..." என்று அவன் இழுத்தான். அம்மாளின் முகம் கறுத்துவிட்டது. பாஸ் புத்தகத்தை மடித்துக்கொண்டு எழுந்தார்.

அவரைப் போன்றவர்களுக்கு அந்தச் சுற்றறிக்கை என்ன சொல்லியிருந்தது தெரியுமா? பாங்கின் குற்றமும் இல்லை, வாடிக்கையாளன் குற்றமும் இல்லை, நடுவில் எங்கோ ஓட்டை என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு ஒரு காசு நஷ்டம் கிடையாது. ஏழு நாட்கள் வரை தாமதித்தாலும், சாதாரண சேமிப்புக் கணக்கில் அதிகபட்சப் பொறுப்பு ரூ.10,000-தான். அவர் மறுநாளே வந்திருந்தார். ஆனால் எழுத்து மூலம் ஒன்றும் கொடுக்காமல், பேரனைச் சந்தேகித்துக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார்! நான் பின்னாலேயே ஓடி, வாசற்படியில் நிறுத்தி, அங்கேயே ஒரு கடிதம் எழுதவைத்தேன். உள்ளே போய், நகலில் தேதியோடு முத்திரை வாங்கினோம். முத்திரை குத்திய பையனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

இங்கிலாந்தில் 2024 அக்டோபர் 7 முதல் ஒரு விதி நடப்புக்கு வந்தது. மோசடிக்காரன் பேச்சை நம்பி, ஒருவர் தம் கையாலேயே தம் கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு அனுப்பிய பணத்தைக்கூட, 85,000 பவுன் வரையில் பாங்கு திருப்பித் தர வேண்டும். அனுப்பிய பாங்கு பாதி, வாங்கிய பாங்கு பாதி. வாடிக்கையாளர் மிகப் பெரிய அஜாக்கிரதையாக இருந்தார் என்று தட்டிக்கழிக்க வேண்டுமானால், அதை பாங்கு நிரூபித்தாக வேண்டும். அங்கேயும் பாங்குக்காரர்கள் தர்மவான்கள் அல்லர். திருடனுக்குக் கணக்குத் திறந்துகொடுத்தவனும் நஷ்டத்தில் பங்கு கொள்ளட்டும் என்று யாரோ கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கார்டு விஷயம் வேறு, கணக்கு மாற்றம் வேறு என்பது எனக்கும் தெரியும். ஏமாந்தவனைப் பார்க்கும் பார்வையைத்தான் சொல்லுகிறேன்.

என் கதைக்கு வருகிறேன். பாங்கின் குறை தீர்க்கும் அதிகாரிக்கு எழுதினேன். முப்பது நாள் மௌனம். பிறகு ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளருக்கு எழுதினேன். 11.32, 11.47, 11.52 என்ற மூன்று நேரங்களையும் முதல் பாராவிலேயே வைத்தேன். வேறு வாதமே செய்யவில்லை. நான்கு மாதங்கள் கழித்து ரூ.39,600 என் கணக்குக்கு வந்து சேர்ந்தது.

மானேஜர் மீண்டும் காப்பி வரவழைத்தார். ஒரு தாளை நீட்டினார். புகார் முழுத் திருப்தியுடன் தீர்ந்தது என்று அச்சடித்திருந்தது. "ஒரு கையெழுத்து சார், ஃபைலை மூடிவிடலாம்" என்றார். "முழுத் திருப்தியுடன்" என்ற இரண்டு வார்த்தைகளையும் அடித்துவிட்டு, "ரூ.39,600 பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடித்த தாள் மேலிடத்தில் செல்லாது என்றார். வேறு தாள் தருகிறேன் என்றார். அந்தத் தாளிலும் அதே இரண்டு வார்த்தைகள் இருந்தன, அதையும் அடித்தேன்.