புளி போட்டுத் தேய்க்காதீங்க!

குட்டீஸ்... கோவில்பட்டிப் பக்கம் கரிசல் கிராமங்களில், பாட்டியின் பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்தால், ஓட்டைக் காலணா ஒன்று கிடைக்கலாம். 1943 முதல் 1947 வரை அச்சான வெண்கலக் காசு அது, பழுப்பேறிக் கிடக்கும். உடனே, பொங்கலுக்குப் பித்தளைப் பானை விளக்குவது போல், புளி போட்டுத் தேய்க்கக் கை பரபரக்கும். தேய்த்தால் காசு தகதகக்கும். ஆனால், மதிப்பு போயே போச்சு!

ஏன் தெரியுமா? அந்தப் பழுப்பு, அழுக்கு அல்ல. காற்று பட்டுப் பட்டு, காசின் மேல் பல ஆண்டுகளாகப் படிந்த மெல்லிய போர்வை.

நாணயங்களுக்கும் மார்க் உண்டு. அமெரிக்காவின் வில்லியம் ஷெல்டன் 1949ல் வகுத்த முறையைப் பின்பற்றி, 1 முதல் 70 வரை மார்க் போடுகின்றனர். காசு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதோடு, கண்ணுக்கு அழகாக இருக்கிறதா என்றும் பார்ப்பர். சீராக நிறம் மாறிய காசுக்கு மவுசு அதிகம். திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தால் குறைவு. தேய்த்துக் கீறிய காசுக்கோ, பெரிய தரச்சான்று நிறுவனங்கள் பொதுவாக மார்க்கே தருவதில்லை.

அழகு, ஆளுக்கு ஆள் மாறும். மார்க்கும் கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஆனால், தேய்த்து எடுத்த பழமை மட்டும் திரும்பவே வராது. எனவே, சும்மா விடுவதே நல்லது என்பேன்.

வெள்ளிக் காசைத் தீப்பெட்டிக்குள்ளும் போடாதீங்க; தீக்குச்சி மருந்தில் உள்ள கந்தகம், வெள்ளியைக் கறுக்கச் செய்யும். ஓரத்தை மட்டும் பிடித்து எடுங்க. ஈரமில்லாத இடத்தில் வையுங்க.

பாட்டி முகத்துச் சுருக்கத்தை யாராவது தேய்த்து அழிப்போமா, என்ன?