வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்: இரைச்சலும் வேண்டாம், கடனும் வேண்டாம்!

இரவு மணி பத்து. வீட்டில் இருப்பது ஒரே கூடம். ஒரு மூலையில் பாட்டி படுத்திருக்கிறார். இன்னொரு மூலையில் கல்லூரியில் படிக்கும் பேத்தி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

திடீரென்று மேஜைக்கு அடியில் "கொர்ர்..." என்று ஒரு சத்தம். மாவு மெஷின் ஓடுவது போல!

"அந்தச் சனியனை அணைத்துத் தொலையேன், அம்மாடி!"

"நாளைக்குப் பரீட்சை, பாட்டி!"

இந்தச் சண்டை இன்று பல வீடுகளில் நடக்கிறது. சத்தம் போடாத கம்ப்யூட்டர் என்றால் அது பணக்காரர் வீட்டுச் சங்கதி என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இரைச்சல் இரண்டு பொருள்களிடமிருந்து வருகிறது. ஒன்று, தேவை இல்லாமல் வாங்கிய விலை உயர்ந்த பொருள். மற்றொன்று, காசு மிச்சம் என்று எண்ணி வாங்கிய மட்டமான பொருள். இந்த இரண்டையும் ஒதுக்கினால் சத்தமும் குறையும், செலவும் கட்டுக்குள் நிற்கும்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி, "விண்டோஸ் 10" என்ற பழைய ஏற்பாட்டுக்குத் தன் வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்தியது. அன்றைக்கே கம்ப்யூட்டர்கள் நின்றுவிடவில்லை. ஆனால் திருட்டு, வைரஸ் முதலியவற்றைத் தடுக்க அனுப்பி வந்த திருத்தங்கள் நின்றன. பதிவு செய்துகொண்ட வீட்டுக்காரர்களுக்கு மட்டும் இன்னும் ஓராண்டு தவணை கிடைத்தது. அதற்கு அடுத்த "விண்டோஸ் 11", பழைய எந்திரங்கள் பலவற்றில் ஏறாது. ஆகவே, "புதிது வாங்கலாமா?" என்ற கேள்வி வீடு வீடாக எழுந்தது.

அதே நேரத்தில் வந்தது விலை ஏற்றம்!

கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது விவரங்களை ஞாபகத்தில் வைத்திருக்கும் பட்டைக்கு "ராம்" என்று பெயர். உலகத்துக்கு வேண்டிய ராமில் பெரும் பகுதியைச் செய்பவை மூன்றே கம்பெனிகள். தென் கொரியாவின் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான்.

செயற்கை அறிவு வந்ததும், அதற்காகப் பிரமாண்டமான கம்ப்யூட்டர் கூடங்கள் கட்டினார்கள். அந்தக் கூடங்களுக்கு ராம் மலை மலையாக வேண்டும். விலையும் அள்ளிக் கொடுக்கிறார்கள். தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. வீட்டுக்காரருக்கு வரிசையில் கடைசி இடம்! 2025-ம் ஆண்டு கடைசியில் ராம் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறியது. அந்த ஆண்டு டிசம்பரில் மைக்ரான் கம்பெனி, வீட்டுக்காரர்களுக்காக "குரூஷியல்" என்ற பெயரில் நடத்தி வந்த வியாபாரத்தை விட்டே விலகுவதாக அறிவித்தது.

32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெரிய மானிட்டருக்கு மட்டும் ஒரு நல்ல செய்தி. அதன் ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆயிற்று.

சத்தத்தின் தாய் யார்?

கம்ப்யூட்டருக்குள் சத்தம் போடுவது விசிறி. விசிறி ஏன் ஓடுகிறது? சூடு. சூடு ஏன் வருகிறது? மின்சாரம். கம்ப்யூட்டர் குடிக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது.

"ஆர்.டி.எக்ஸ். 5090" என்று ஒரு கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது. விளையாட்டுப் பிரியர்களுக்கானது. அது ஒன்று மட்டும் 575 வாட் வரை மின்சாரம் இழுக்கும். ஏறக்குறைய சட்னி அரைக்கும் மிக்சி அளவுக்கு! அத்தனை சூட்டையும் வெளியே தள்ள விசிறிகள் ஓடியாக வேண்டும்.

பாடம் படிப்பது, கடிதம் அடிப்பது, கணக்கு எழுதுவது, படம் பார்ப்பது ஆகியவற்றுக்கு இது எதற்கு? படம் காட்டும் வேலையையும் தானே பார்த்துக்கொள்ளும் பிராசசர்கள் இருக்கின்றன. ஏ.எம்.டி. கம்பெனியின் "ரைசன் 5 5600ஜி" ஒன்று. இன்டெல் கம்பெனியின் "ஐ3 12100" மற்றொன்று. இவற்றின் கணக்கு 60, 65 வாட்தான். சாதாரண வேலையின்போது கம்ப்யூட்டர் முழுவதும் சேர்ந்தே, பழைய சீலிங் பேனைவிடக் குறைவாகத்தான் மின்சாரம் இழுக்கும்.

விசிறியே இல்லாமல் செய்தால்?

அதையும் செய்து பார்த்தார்கள். 1980-ம் ஆண்டு அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனி, "ஆப்பிள் 3" என்ற கம்ப்யூட்டரை வெளியிட்டது. கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்சுக்கு விசிறிச் சத்தம் என்றாலே பிடிக்காது. ஆகவே அதில் விசிறி வைக்கவில்லை.

நடந்தது என்ன? பல எந்திரங்களில் உள்ளே இருந்த சிப்புகள் இடத்தை விட்டு நழுவின. "கம்ப்யூட்டரைச் சில அங்குலம் உயரத் தூக்கி, பொத்தென்று கீழே போடுங்கள். சிப்புகள் மறுபடி இடத்தில் உட்காரும்" என்று கம்பெனியே யோசனை சொல்லும்படி ஆயிற்று! (வாசகர்கள் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.)

சென்னை வெயிலில் அறையே 35 டிகிரிக்கு மேல் கொதிக்கும். நமக்கு விசிறி வேண்டும். ஆனால் அது ஓடக்கூடாது. நடக்க வேண்டும்!

விசிறி வேகத்தைப் பாதியாகக் குறைத்தால், சத்தம் 15 டெசிபல் அளவுக்கு இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தோன்றும். அப்படியானால் காற்று குறையாதா? குறையும். அதற்குத்தான் விசிறி பெரியதாக இருக்க வேண்டும். 8 சென்டிமீட்டர் விசிறியை விட, 12 சென்டிமீட்டர் விசிறியின் பரப்பு இரண்டேகால் மடங்கு. மெதுவாகச் சுற்றினாலும் போதிய காற்றைத் தள்ளிவிடும்.

கடையில் என்ன கேட்பது?

சென்னை ரிச்சி தெருவுக்குள் நுழைந்தால் தலை சுற்றும். "என்ன சார் வேண்டும்? கேமிங் கம்ப்யூட்டரா?" என்றுதான் பேச்சே தொடங்கும். கண்ணாடிப் பெட்டி, உள்ளே ஏழு நிறத்தில் விளக்கு, கல்யாண மண்டப வாசல் போல! விளக்குக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு நல்ல எஸ்.எம்.பி.எஸ். வாங்கலாம்.

வீட்டு மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் உறுப்புதான் எஸ்.எம்.பி.எஸ். கண்ணுக்குத் தெரியாமல் பெட்டிக்குள் இருப்பதால், எல்லோரும் அதில்தான் சிக்கனம் பிடிக்கிறார்கள். பெட்டியோடு இலவசமாக வருவதை வாங்கிவிடுகிறார்கள். மட்டமானது அதிக மின்சாரத்தைச் சூடாக்கி வீணடிக்கும். அதன் சின்ன விசிறி அலறும். ஒருநாள் அது கெட்டால், மற்ற உறுப்புகளையும் கெடுத்துவிட்டுப் போகலாம். "80 பிளஸ்" முத்திரை உள்ள, பெயர் தெரிந்த கம்பெனியின் 450 வாட் அல்லது 500 வாட் சரக்கைக் கேளுங்கள். தேவைக்கு மேல் சக்தி இருப்பதால் அது சிரமம் இல்லாமல் வேலை செய்யும். விசிறியும் அமைதியாக இருக்கும்.

பிராசசருடன் கம்பெனி கொடுக்கும் சின்ன விசிறியே போதும் என்பார் கடைக்காரர். குளிருக்குப் போதும். நம் ஊர் வெயிலில் அது கத்தும். 12 சென்டிமீட்டர் விசிறி வைத்த உயரமான கூலர் ஒன்றைத் தனியாக வாங்குவது, என் கருத்தில், வீண் செலவு அல்ல. வாங்குமுன் அந்த உயரம் உங்கள் பெட்டிக்குள் அடங்குமா என்று பாருங்கள். பெட்டியின் முன்புறம் கண்ணாடி வேண்டாம், சல்லடை போன்ற வலை இருக்கட்டும்.

விவரங்களைச் சேமிக்கச் சுழலும் ஹார்டு டிஸ்க் வேண்டாம். எஸ்.எஸ்.டி. போதும். அதில் சுற்றும் உறுப்பே இல்லை. சத்தமும் இல்லை.

இனி, இடிக்கும் இடத்துக்கு வருவோம். ராம்! 8 ஜி.பி. இன்று பற்றாது. 16 ஜி.பி. வேண்டும். அதற்கு மேல் இப்போது ஆசைப்பட வேண்டாம். 16 ஜி.பி. பட்டை ஒன்றே ஒன்று வாங்கி, அடுத்த இடத்தைக் காலியாக விடுங்கள். விலை இறங்கினால் பிறகு போட்டுக்கொள்ளலாம். ஒற்றைப் பட்டையில் விளையாட்டுகளின் வேகம் குறையும். படிப்புக்கும் கணக்குக்கும் குறை தெரியாது.

இன்னொரு வழியும் உண்டு. மேலே சொன்ன ரைசன் பிராசசர் "டி.டி.ஆர்.4" என்ற வகை ராமை ஏற்கும். வீட்டில் இருக்கும் பழைய டெஸ்க்டாப்பிலும் அதே வகை இருந்தால், கழற்றி இதில் போடலாம். விலை ஏறிய காலத்தில் இது பெரிய லாபம். லாப்டாப்பின் ராம் அளவில் சிறியது. அது பொருந்தாது.

40 ஆயிரம் ரூபாய் இல்லையே?

மானிட்டர் நீங்கலாக 40 ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கணக்குப் போட்டுத்தான் இவ்வளவும் சொன்னோம். ராம் விலை ஏற ஏற அந்தக் கணக்கும் நகரும். அவ்வளவு முடியாதவர்கள், ஆபீசுகள் கழித்துவிடும் பிராண்டட் கம்ப்யூட்டர்களைப் பார்க்கலாம். பத்து நாற்காலி நெருக்கமாகப் போட்ட அறையில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை அவை. நன்கு துடைத்து வைத்தால் பெரும்பாலும் சத்தம் போடாது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, அல்லது அதற்குப் பிந்தியது என்று கேட்டு வாங்குங்கள். அதற்கு முந்தியவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. அப்படி ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருந்தால், விலை இல்லாத "லினக்ஸ்" ஏற்றி, இன்னும் சில ஆண்டு ஓட்டலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

அசெம்பிள் செய்து கொடுப்பவரிடம் ஒரு வேலை கேளுங்கள். "பயாஸ்" என்ற இடத்தில் விசிறியின் வேகத்தை அமைக்கலாம். பிராசசர் 60 டிகிரி வரும்வரை மெதுவாகச் சுற்றும்படி வைக்கச் சொல்லுங்கள். சும்மா விட்டால், சின்னச் சூட்டுக்கெல்லாம் விசிறி சீறும்.

கம்ப்யூட்டரை மேஜையின் மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். ஊதும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுழல விட்டால் கெடும்.

நம் வீடுகளில் ஆண்டு முழுவதும் சீலிங் பேன் சுற்றுகிறது. கம்ப்யூட்டர் அதைவிடச் சத்தம் குறைவாக இருந்தால் போதும். மூச்சுக்கூட விடாத கம்ப்யூட்டர் வேண்டும் என்று ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டியதில்லை. மார்கழியில் பேனை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். "கிறீச்" என்று ஒரு சத்தம் வந்தால் விசிறியின் பேரிங் தேய்ந்துவிட்டது. அந்த விசிறி ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். கம்ப்யூட்டரையே மாற்றச் சொல்லும் கடைக்காரரிடம், "யோசித்துச் சொல்கிறேன்" என்று வந்துவிடுங்கள்.