சதுரங்கப் பலகையில் ஒரு நிறுவல்

கணிதம் என்றதும் நம் பிள்ளைகளின் முகம் வாடிவிடுகிறது. அவ்வச்சத்தைப் போக்கலாமென்று எண்ணி, பல்கலைக்கழக வகுப்பு இல்லாத நாட்களிற் பாடசாலைகளுக்குச் சென்று கணிதத்தின் அற்புதங்களைப் பற்றிப் பேசிவந்தேன். கிரகணத்தை முன்கூட்டியே கணிப்பதைச் சொன்னால் கரகோஷம் எழும். ஆயினும் கூட்டம் கலைந்தபின் ஐயம் கேட்க ஒருவரும் வந்ததில்லை. செப்படி வித்தை கண்டவன் கைதட்டுவான்; தானும் செய்யலாமென்று நினையான்.

லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இளைஞருக்காக நடைபெறும் நத்தார் விரிவுரைகள் 1825ஆம் ஆண்டிலே தொடங்கியவை. மைக்கேல் பரடே மட்டும் 19 ஆண்டுகளில் அவற்றை நிகழ்த்தினார். ஆனால் கணிதம் அம்மேடை ஏற 1978 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு பேசியவர் வாரிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ்டோபர் சீமன். அப்பேச்சுகளாற் கவரப்பட்ட மார்க்கஸ் டு சோடோய் என்ற சிறுவர், பின்னாளிற் கணிதப் பேராசிரியராகி, 2006இல் அதே மேடையிற் பேசினார். விரிவுரையோடு காரியம் நின்றுவிடவில்லை என்பதே என்னைக் கவர்ந்தது. 1981 முதல் அந்நிறுவனம் மாணவருக்குக் கணித வகுப்புகளையும் நடத்தலாயிற்று. அங்கே பிள்ளை பார்வையாளன் அல்லன். தானே கணக்கிலே கைவைக்கிறான்.

இதை அறிந்தபின் அற்புதங்களை வீட்டில் வைத்துவிட்டு, பத்தாந் தர வகுப்பொன்றுக்குச் சதுரங்கப் பலகையுடன் சென்றேன். எதிரெதிர் மூலையிலுள்ள இரண்டு கட்டங்களைக் காகிதத்தால் மறைத்தேன். எஞ்சியவை 62. ஒவ்வொன்றும் அடுத்தடுத்த இரு கட்டங்களை மூடும் 31 அட்டைத் துண்டுகளைக் கொடுத்து, "ஒன்றன்மேல் ஒன்று படாமல் பலகையை மூடுங்கள்" என்றேன்.

அரைமணி நேரம் முயன்றும் முடியவில்லை. "இன்னும் பொறுமை வேண்டும், சேர்" என்றான் ஒருவன். அப்போது பின்வாங்கில் இருந்த மாணவி எழுந்தாள்.

"எந்தத் துண்டும் ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும்தான் மூடும். நீங்கள் மறைத்தவை இரண்டும் வெள்ளை. மிச்சம் கறுப்பு 32, வெள்ளை 30. எவ்வளவு நேரம் இருந்தாலும் முடியாது, சேர்."

கரகோஷம் எழவில்லை. பொறுமை பேசிய பையன் மட்டும் கட்டங்களைத் திரும்ப எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தான். எவ்வளவு முயன்றாலும் இயலாது என்பதை முயலாமலே அறியும் வழி ஒன்றுண்டு என்பதை அவ்வகுப்பு அன்று கண்டது. எங்கள் முதலாண்டு மாணவர் சிலர் நிறுவலை மனனம் செய்து ஒப்புவிப்பர்; இப்பெண்ணோ அப்பெயரையே உச்சரியாமல் ஒன்றைச் செய்து முடித்தாள்.

மணி அடித்தபின் அப்பையன் வாசல்வரை வந்தான். "ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் எடுத்தால், அவை எந்த இடத்தில் இருந்தாலும் மூடலாமா, சேர்?"

எப்போதும் மூடலாம். ஏன் என்பதை அவனுக்கு யான் சொல்லவில்லை. பலகையை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன்.